கடைசிப் பக்கத்தில் இல்லாத வரி

நான் ஒரு கதையின் முடிவை மாற்றி வாசித்தேன். தெரிந்தேதான் வாசித்தேன். அதை நம்பி ஒருத்தி தன் வாழ்க்கையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டாள்.

என் குற்றம் இவ்வளவுதான். மூன்றே வரியில் முடிந்துவிட்டது, பாருங்கள்! ஒன்பது ஆண்டுகளாகத் தொண்டைக்குக் கீழே கிடந்தது இத்தனை சிறியதா என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. வியப்பு என்றுகூடச் சொல்ல முடியாது… எனக்கு இப்போது எதுவும் அவ்வளவு அழுத்தமாக வருவதில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன்.

நான் வாலிநோக்கத்தில் அங்கன்வாடி நடத்துகிறவள். ஊரில் பால்வாடி டீச்சர் என்பார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. காலையில் பிள்ளைகளை எடை போடுவேன். சத்துமாவு உருண்டை கொடுப்பேன். மதியம் சோறும் முட்டையும் போட்டுப் பாயில் படுக்க வைப்பேன். பிள்ளைகள் வரிசையாகத் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

ஒருமுறை பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் வந்தன. மறுநாள் வாசித்துக் காட்ட வேண்டுமே என்று மதியம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு வீட்டின் கடைசி மகள். எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவள். காட்டுவழியில் பசித்துக் கிடந்த கிழவிக்குத் தன்னிடமிருந்த ஒரே அடையைப் பாதி பிட்டுக் கொடுக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கிழவி காற்றைப் பெற்றவளாம்! பிறகு அந்தப் பெண் எங்கே வழிதவறினாலும் காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சரியான பாதையில் விட்டதாம்.

நாற்பது வயதுக்காரி நான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று!

ஏன் அழுதேன்? அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. என் அய்யா இறந்தபோது இராமேஸ்வரம் போய்த் திதி கொடுத்தோம். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்தேன். ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் உள்ளே ஏதாவது கரையும் என்று காத்திருந்தேன். குளிர்ந்தது, அவ்வளவுதான். ஈரச் சேலையோடு பிரகாரத்தில் நடந்தபோது, வழுக்கி விழாமல் இருக்க வேண்டுமே என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. அங்கே வராதது இந்த இருபது பக்கப் புத்தகத்தில் வந்தது.

யாரும் பார்க்காதபோது செய்த நல்லதும் எங்கோ பார்க்கப்படுகிறது… எறும்புக்குக்கூட நினைவு இருக்கிறது… எளியவர்களின் பேச்சைக் காற்றும் கேட்கிறது… இதைத்தானே கடவுள் நம்பிக்கை என்கிறார்கள்? அதை எனக்குக் கற்றுக்கொடுக்க ஒரு குழந்தைப் புத்தகம் வேண்டியிருந்தது. பெட்டியில் இருந்தவற்றையெல்லாம் வாசித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இராமநாதபுரம் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் தேடினேன். பேசும் மீன், ஏழு கடல், உறங்கும் நகரம்… என்ன ஆனந்தம் அது! யாராவது வந்தால் புத்தகத்தை எடைப் பதிவேட்டுக்குள் மறைத்துக்கொள்வேன்.

என் கணவர் ஒருநாள் பார்த்துவிட்டார். "பச்சப்புள்ள வாசிக்கிறத வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ற? புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் புத்தகங்களைத் தொடுவதில்லை.

சிரிக்காதவள் ஒருத்திதான். பஞ்சவர்ணம், என் கணவரின் தங்கை.

அவள் உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன்னே போனால் வெயில் ஏறும்போது திரும்புவாள். பதினைந்து வயதில் தொடங்கிய வேலை. வெள்ளை உப்பின் மேல் வெயில் அடித்து அடித்து அவள் கண்கள் முப்பதுக்குள்ளாகவே மங்கிவிட்டன. ஆள் தெரியும், எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் புத்தகத்தை விரித்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்பாள்.

அவள் புருசன் நாகராசு படகில் மீன்பிடிக் கூலிக்குப் போனவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருநாள் காற்றில் படகு கவிழ்ந்தது. போனவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஒருவர் உடல் கிடைத்தது. நாகராசு கிடைக்கவில்லை. குழந்தையும் இல்லை. அண்ணன் வீடு என்று எங்களிடம் வந்துவிட்டாள்.

மதியம் வேலை முடிந்து வந்தவள், பால்வாடியில் நிழலாக இருக்கிறதென்று ஒருநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மதினி முணுமுணுக்குறீக? சத்தமாத்தான் வாசிங்களேன்."

வாசித்தேன். முடியும்வரை அசையாமல் கேட்டாள். அவள் கன்னத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் மேல் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

"இதெல்லாம் சின்னப்புள்ளைக கதை, பொய்யி" என்றேன் வெட்கத்தோடு.

"பொய்யின்னு யாரு சொன்னாக? கேக்கும்போது ஒடம்பு நெசம்னு சொல்லுதே மதினி!"

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அன்று முதல் தினமும் மதியம் நான் வாசிக்க, அவள் கேட்டாள். தனியாக வாசித்தபோது இருந்த இன்பம் இரண்டு பேரானதும் எத்தனை மடங்கு ஆயிற்று தெரியுமா? கோயிலில் பக்கத்தில் நிற்பவள் கண்ணை மூடியிருக்கும்போது நமக்கும் ஒரு நடுக்கம் வருமே… அப்படி.

அவளுடைய கண்ணுக்கு வைத்தியம் உண்டா என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "உப்புக் கண்ணு, இனி இப்படித்தான்" என்று அவள் சொன்னாள். சரி என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறவள், ஊசி போடும் நாள் தவறவிடாதவள், இவளை மட்டும் ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை? கண் தெரிந்தால் அவளுக்கு நான் எதற்கு? இப்படி நினைத்தேனா, இல்லை இப்போதுதான் நினைக்கிறேனா… தெரியவில்லை.

நாகராசு போய் இரண்டு ஆண்டுகள் ஆனபோது உப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தவசி என்று பெயர். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி நோயில் இறந்துபோயிருந்தார். நான்கு வயதில் ஒரு பெண்குழந்தை. தன் அக்காவையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அதிகம் பேசாத மனிதர். என் கணவர்தான் பேசினார். நடுவில் அந்தச் சிறுமி எழுந்து போய்ப் பஞ்சவர்ணத்தின் அருகில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்து உள்ளங்கையில் இருந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

தவசி தலையைத் திருப்பிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று பஞ்சவர்ணத்திடமே சொன்னார். "அவ ஆத்தா போனதுலருந்து புதுசா யாருகிட்டயும் இப்படிப் போயி ஒக்காந்ததில்ல. நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்கள அவசரப்படுத்த மாட்டேன்."

என் கணவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை! அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அப்போது நாங்கள் ஒரு நீண்ட கதையின் நடுவில் இருந்தோம். ஒரு வலைகாரனைக் கடலரசன் ஆழத்துக்கு அழைத்துப் போய்விடுகிறான். அவன் மனைவி கரையில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். நண்டிடம் கேட்கிறாள், கொக்கிடம் கேட்கிறாள், அலையிடம் கேட்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓர் ஆமை, நான் போய்க் கேட்டு வருகிறேன் என்று மூழ்குகிறது. அந்த இடத்தில் அன்றைக்கு நிறுத்தியிருந்தோம்.

திங்கட்கிழமை மதியம் பஞ்சவர்ணம் வந்து உட்கார்ந்தாள். "அண்ணன் பதில் கேக்குது மதினி. நாளைக்குச் சொல்லுறேன்னுருக்கேன். அந்த ஆம என்ன சேதி கொண்டாருதுன்னு பாத்துட்டுச் சொல்லுறேன்."

எங்கள் பக்கம் ஒரு காரியத்தில் மனம் தடுமாறினால் அம்மன் சன்னதியில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். இவள் கதையைப் போட்டுப் பார்த்தாள். என்னை நம்பி!

எனக்கு முடிவு தெரியும். நான் முன்பே தனியாக வாசித்திருந்தேன்.

ஆமை திரும்பி வந்து வலைகாரனின் சொல்லைச் சொல்கிறது. 'நான் ஆழத்துக்காரன் ஆகிவிட்டேன். நீ நிலத்துக்காரி. விளக்கைக் கரையிலிருந்து எடுத்துப் போய் வீட்டுக்குள் வை.' அவள் அழுகிறாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். வழியில் ஒரு குயவன், காற்றில் அணையாமலிருக்கத் தன் புதுப்பானையால் அதற்கு மறைப்புக் கட்டுகிறான். அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓர் அலை வந்து அவர்கள் வாசலை நனைத்துவிட்டுப் போகிறது.

எவ்வளவு அழகான முடிவு! பஞ்சவர்ணத்துக்காகவே எழுதியது போல இருந்தது. அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துகள் பெரியவை. தெளிவானவை. 'நான் ஆழத்துக்காரன்' என்று என் கண் வாசிக்கிறது.

என் வாய் இப்படிச் சொன்னது. 'கலங்காதே. ஏழாவது வருடம் நான் கரையேறி வருவேன். விளக்கை அணைக்காமல் வைத்திரு.' பிறகு அவன் வந்தான் என்றேன். அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்றேன். புத்தகத்தை மூடினேன்.

ஏன்?

அவள் முகத்தைப் பார்த்தபோது இரக்கம் வந்தது, அதனால் சொல்லிவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! இரக்கம் இருந்திருந்தால் அந்தச் சிறுமியின் கை நினைவுக்கு வந்திருக்கும். அவள் உப்பூருக்குப் போய்விட்டால் மதியங்களில் நான் மறுபடி பதிவேட்டுக்குள் புத்தகத்தை மறைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். அதுதான் அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

அன்று மாலையே அண்ணனிடம் சொல்லிவிட்டாள். "வேணாம்ண்ணே. அவுக வந்துருவாக."

"கிறுக்குப் புடிச்சிருச்சா தாயி ஒனக்கு? ரெண்டு வருசமாச்சு! யாரு சொன்னா ஒனக்கு வருவான்னு?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் கூடத்துக்கு வந்திருப்பேன். உரித்து முடித்தேன். அடுத்ததை எடுத்தேன்.

தவசி சொன்னபடியே அவசரப்படுத்தவில்லை. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டார். பிறகு வேறு இடத்தில் மணம் செய்துகொண்டார். சேதி வந்த நாளில் பஞ்சவர்ணம், "நல்ல மனுசன், நல்லாருக்கட்டும்" என்றாள். அன்றும் மதியம் கதை கேட்டாள்.

நான் வாசித்தேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கதைகள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டன. எறும்பு வந்தது, உதவியது, போனது. மீன் பேசியது. நான் அழவில்லை. கதைகளின் நீதி எனக்கு நன்றாகத் தெரியுமே! காத்திருப்பவளிடம் பொய் சொன்னவளுக்கு அங்கே என்ன நடக்கும்? கல்லாகிப்போவாள். வாயைத் திறந்தால் தவளை குதிக்கும். நான் பயந்தேன். பிறகு எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் முட்டை தின்றார்கள். மேலதிகாரிகள் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். என் வாயிலிருந்து வழக்கமான சொற்களே வந்தன. தண்டனை வராதபோது எனக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கை கழுவிவிட்டுப் போய்விட்டது.

நாகராசு போய் ஏழாவது ஆண்டு நிறைந்த நாளில், பஞ்சவர்ணம் வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, காலையிலேயே கடற்கரைக்குப் போனாள். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு நான் ஓடினேன். ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்… சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன்!

வெயில் ஏறியது. படகுகள் வந்தன, மீனை இறக்கினார்கள். ஒவ்வொரு படகையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்தப் படகுல எத்தன பேரு மதினி? எனக்குக் கலங்கலாத் தெரியுது."

"மூணு பேரு" என்றேன். "நம்மாளு இல்ல" என்றேன். நாள் முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

வெயில் சாய்ந்ததும் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள். "ஏழு வருசம்னா எப்பருந்து மதினி? அவுக போன நாள்லருந்தா, ஆம சேதி கொண்டாந்த நாள்லருந்தா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம வந்த நாள்லருந்துதான் இருக்கும்" என்றேன். இன்னும் இரண்டு ஆண்டுகளை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது போல அவ்வளவு சாதாரணமாக!

அந்த மாதமே என் கணவர் ஒரு மனுவை எழுதி வாங்கி வந்தார். காணாமல் போனவர் ஏழு ஆண்டுகள் வரவில்லையென்றால் இறந்ததாகச் சட்டமே ஏற்றுக்கொள்ளுமாம். கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உசுரோட இருக்கிறவுகளுக்கு இதுல எதுக்குண்ணே கையெழுத்து?" என்றாள். சட்டத்துக்கும் ஏழு, நான் சொன்ன பொய்க்கும் ஏழு. இரண்டையும் பக்கத்தில் வைத்து நினைத்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளும் போயின. அந்தக் கணக்கு நிறைந்த நாளிலும் கடற்கரைக்குப் போனாள். நான் போகவில்லை. அவர் வரவில்லை; அவளும் காத்திருப்பதை விடவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் கண் சிகிச்சை முகாம் பற்றிய துண்டுத்தாள் பால்வாடிக்கு வந்தது. அதை என் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கொடுத்தேன். அதை நல்ல செயல் என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி மறைக்க முடியாது. அதனால் கொடுத்தேன்.

முகாமில் பார்த்தவர்கள் கண்புரைதான் என்றார்கள். எடுத்துவிடலாம் என்றார்கள். இத்தனை காலம் எடுத்துவிடக்கூடிய ஒன்றுதான் அவள் கண்ணில் இருந்திருக்கிறது! அவள் இராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் பால்வாடிப் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசித் தாளைக் கிழித்தேன். பிள்ளைகள் சுற்றிலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிழிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒருவரும் விழிக்கவில்லை.

கட்டுப் பிரித்து வந்ததும் என்னைத்தான் முதலில் உற்றுப் பார்த்தாள். "என்ன மதினி, இம்புட்டு நரைச்சுப் போச்சு!" என்று சிரித்தாள். ஒரு வாரம் கழித்துப் பால்வாடிக்கு வந்தாள். பெட்டியைக் கிளறித் தானே அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். சுவரில் சாய்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, விரல் வைத்து வாசித்தாள். நண்டு, கொக்கு, அலை, ஆமை… ஆமை மூழ்கியது. பக்கத்தைத் திருப்பினாள்.

"மதினி, கடைசித் தாளக் காணுமே."

"பிள்ளைக கிழிச்சிருக்கும்" என்றேன்.

ஆம். தூங்கும் பிள்ளைகள் மேல் போட்டேன்!

அவள் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வருத்தப்படவில்லை. "போகட்டும். நீங்க வாசிச்சதுதான் மனசுல இருக்கே. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கணும்னு நெனச்சேன் மதினி. அவுக மொகம் எனக்கு மறந்துபோச்சு. போட்டோவப் பாத்தா யாரோ சின்னப்பய மாதிரி இருக்கு. இப்பக் கண்ணு தெரியுது, வந்தா எனக்கு அடையாளம் தெரியுமா? கதையில அவ எப்படிக் கண்டுபுடிச்சா? அதுல எழுதியிருந்துச்சா?"

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை தூக்கத்தில் புரண்டது. சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இனி வரப்போவதில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படி எழுதவே இல்லை, பஞ்சவர்ணம். அவன் வரவே இல்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? ஒன்று போதும்.

"எழுதியிருந்துச்சு" என்றேன். "கொரல வச்சுக் கண்டுபுடிச்சா."

"கொரலு…" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "ஆமா மதினி. அது எனக்கு மறக்கல."

அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான்காக மடித்துத் துணிமணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எடுத்து வாசிப்பதில்லை. எரிக்கவும் இல்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னித்தாலும் அது என்னை வந்து எட்டுமா என்று தெரியவில்லை.

முந்தாநாள் மதியம் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த ஆள் பால்வாடி வாசலில் நின்று, "யாரும் இருக்கீகளா?" என்று சத்தமாகக் கேட்டார். பாயோரத்தில் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் விசிறியைக் கீழே போட்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.